இரைச்சலுக்குள் ஒரு கிற்றார்

(கிண்ணியாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத் தலைவர் என்னை ‘இசை ஆய்வாளர்’ என்று அறிமுகப்படுத்தினார். அன்புக்கு நன்றி. பட்டத்தை மட்டும் இந்த மேசையிலேயே திருப்பி வைத்துவிடுகிறேன். எனக்கு ஒரு வாத்தியமும் வாசிக்க வராது. குளிக்கும்போது பாடினால் வீட்டில் கதவைத் தட்டுவார்கள். நான் பாட்டுக் கேட்கிறவன், அவ்வளவுதான். அறுபது வருஷமாகக் கேட்கிறேன். அதிலும் றொக் கேட்கிறேன். தயிருக்கும் மீனுக்கும் நெல்லுக்கும் பேர்போன இந்த ஊரில் லெட் செப்பெலின் கேட்கிறவன் என்று ஒருவன் இருந்தால், அவனை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்படித்தான் என்னையும் பார்த்தார்கள்.

அந்த றொக் குழுக்களில் ஒன்றைக்கூட நான் மேடையில் கண்டதில்லை. இளவயதில் அவர்களுடைய இசைத்தட்டு ஒன்றைக் கையால் தொட்டதுகூட இல்லை. எல்லாம் ஆகாயத்தால் வந்தது. வந்ததும் முழுசாக வரவில்லை. பாட்டின் தலை வரும், வால் வராது. நடுவில் ஒரு சீனக்காரர் செய்தி வாசிப்பார். அந்த அரைகுறைதான் என்னை ரசிகனாக்கியது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச நினைக்கிறேன்.

எங்கள் வாப்பா திருகோணமலை டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் கையளித்துவிட்டுப் புறப்பட்டார்கள். போகிறவர்கள் நாற்காலி, கோப்பை, மேசை விளக்கு என்று விற்றுவிட்டுப் போனார்கள். வாப்பா வாங்கியது ஒரு வால்வு றேடியோ. எங்கள் பக்கம் அப்போது கரண்ட் இல்லை. அது கார் பற்றறியில் ஓடும் சாதி. பற்றறி இறங்கினால் மாட்டு வண்டியில் ஏற்றி, துறையடிக்குக் கொண்டுபோய், பாதையில் அக்கரைப்படுத்தி, டவுனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பாதை என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: மனிசர், சைக்கிள், லொறி எல்லாம் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பேர். போகவர ஒரு முழு நாள் முடிந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் பாட்டுக்கு அளவு இருந்தது. செய்தி, முஸ்லிம் சேவை, அதில் நாகூர் ஹனிபா பாட்டு வந்தால் அது, அதற்கு மேல் வாப்பாவின் மனநிலையைப் பொறுத்தது.

எனக்கும் ஒரு உத்தியோகம் தந்திருந்தார்கள். தென்னை மரத்துக்கும் பூவரசுக்கும் நடுவே செப்புக் கம்பி ஏரியல். கிணற்றடியில் மண்ணுக்குள் இறக்கிய இரும்புக் குத்தியில் எர்த்துக் கம்பி. அந்தக் குத்தி காய்ந்துபோனால் சத்தம் மெலியும். அசருக்குப் பிறகு தினமும் ஒரு வாளி தண்ணீரில் ஒரு பிடி உப்பைக் கரைத்து அதன் அடியில் ஊற்றுவது என் வேலை. ஊற்றிவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்தால், இரைச்சலுக்கு அடியில் கிடந்த குரல் தண்ணீர் குடித்த பயிர்போல மெல்ல நிமிர்ந்து வருவது கேட்கும். மற்றப் பிள்ளைகள் கத்தரிக்குத் தண்ணீர் விட்டார்கள், நான் பாட்டுக்கு விட்டேன்.

உப்புத் தண்ணீரின் விஷயம் பெரிது. மத்திய அலை நிலத்தின் மேலால் ஊர்ந்து போகும்போது காய்ந்த மண் அதை உறிஞ்சிவிடும். உப்புக் கடல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அதன் மேலால் அலை வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போகும். இலங்கை வானொலி இராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் பக்கத்து வீட்டு றேடியோ மாதிரிக் கேட்டதற்குப் பாதிக் காரணம் நடுவிலிருந்த கடல். மற்றப் பாதி டில்லியிலிருந்தது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை என்றார். 1950 இலேயே வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலிக்கு இதைவிட வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே அமீன் சயானியின் ‘பினாக்கா கீத் மாலா’ கொழும்பிலிருந்து போய் இந்தியா முழுவதையும் பிடித்தது. டில்லிக்குப் புத்தி வந்து விவித் பாரதி தொடங்கியபோது 1957 ஆகிவிட்டது. வாப்பாவின் றேடியோ எங்கள் வீட்டுக்கு வந்த அதே வருஷம்.

மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்று அந்த வானொலி அறிவிப்பாளர்களின் பேரைச் சொன்னாலே இங்கே பலருக்குக் காதுக்குள் ஒரு மணி அடிக்கும். நான் அந்த வழியில் அதிகம் போகப் போவதில்லை. ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி அந்தக் கதை தேய்ந்துபோய்விட்டது. ஒன்று மட்டும். ராஜாவின் வேகத்தைக் கேட்டுக் கேட்டு ஊரில் பெடியன்கள் சைக்கிள் விளம்பரம்கூட ஒரே மூச்சில் சொல்லப் பழகினார்கள். அந்தக் குரலுக்கு உரியவரை 1989 இல் கொழும்பில் கொன்றார்கள். அந்தச் சங்கதியையும் நான் றேடியோவில்தான் கேட்டேன்.

என் கதை இரவில் தொடங்குகிறது. பதினாலு, பதினைஞ்சு வயதில் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, ஒரு ட்ரான்சிஸ்டர் வாங்கினார். அதற்கு அப்போது தபால் கந்தோரில் லைசன்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தோமா என்று கேட்காதீர்கள். அதில் சிற்றலை இருந்தது. இஷாவுக்குப் பிறகு வீடு அடங்கியதும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு முள்ளைத் திருப்புவேன். முதலில் இலங்கை வானொலியின் ஆங்கில சேவை. அங்கேதான் வேர்னன் கொறியாவின் குரலும், எல்விஸும், கிளிப் றிச்சர்டும் எனக்கு அறிமுகம். கிளிப் லக்னோவில் பிறந்தவர், எங்கெல்பேர்ட் ஹம்பர்டிங்க் சென்னையில் பிறந்தவர் என்று பிற்காலத்தில் அறிந்தபோது, ‘நம்ம பக்கத்துப் பெடியன்கள்தானே’ என்று ஒரு நெருக்கம் வந்தது. பிறகு பி.பி.சி. உலக சேவையில் ஜோன் பீல். கேட்பவருக்குப் பிடிக்குமா என்று ஒரு துளியும் கவலைப்படாமல், தனக்குப் பிடித்ததைப் போடுகிற மனிசன். வொய்ஸ் ஒப் அமெரிக்காவில் வில்லிஸ் கொனோவர் ஜாஸ் போடுவார். ஆங்கிலம் தெரியாதவர்களும் கேட்கிறார்கள் என்று தெரிந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். ஆங்கிலத்தை நான் பள்ளிக்கூடத்தில் பாதி, அவரிடம் பாதி படித்தேன்.

சிற்றலைக்குப் பகல் ஆகாது. வெகு உயரத்தில், வெயில் பட்டு மின்னூட்டம் ஏறிய காற்றுப் படலங்கள் இருக்கின்றன. பகலில் கீழ்ப் படலம் அலையைக் குடித்துவிடும். பொழுது சாய்ந்ததும் அது கலைய, மேல் படலம் கண்ணாடிபோல நின்று லண்டன் அலையை வாங்கிக் கிண்ணியாவில் எறியும். ஆனால் அந்தக் கண்ணாடி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே பாட்டு இரண்டு மூன்று வழியால் வந்து, ஒன்றையொன்று தூக்கும், ஒன்றையொன்று அமுக்கும். அதனால்தான் சத்தம் கரைக்கு வரும் அலைமாதிரி ஏறி இறங்கியது. கிற்றார் தனியாக ஏறும் இடத்தில் சத்தம் இறங்கினால் என்ன செய்வது? மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தை நானே மனசுக்குள் வாசிப்பேன். சத்தம் திரும்பி வரும்போது சில நாள் நானும் அவர்களும் ஒரே இடத்தில் நிற்போம். பல நாள் நான் வேறு தெருவில் நிற்பேன்.

ஒரு நாள் மூத்தம்மா முழித்துவிட்டார். லெட் செப்பெலின் பாடகர் ரொபேட் பிளான்ட் உச்சத்தில் நிற்கிற நேரம்.

“இதென்ன மனே, சண்டையா?”

“பாட்டு மூத்தம்மா.”

கொஞ்ச நேரம் கேட்டார். “அந்தப் புள்ளைக்கு வயித்துக் குத்துப் போல. இஞ்சி அவிச்சுக் குடுக்கச் சொல்லு” என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தார். றொக் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் இதற்குக் கிட்ட வருவது குறைவு.

1971 ஓகஸ்ட் 1 ஆம் திகதி நியூயோர்க்கில், பங்களாதேஷ் அகதிகளுக்குப் பணம் சேர்க்க, ஜோர்ஜ் ஹரிசனும் ரவி சங்கரும் ஒரு கச்சேரி வைத்தார்கள். ரவி சங்கரும் அலி அக்பர் கானும் மேடையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுருதி சேர்த்தார்கள். கூட்டம் பலமாகக் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்ததென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவி சங்கர் மெல்லக் குத்தினார். உலகம் அந்தக் கூட்டத்தைப் பார்த்து இன்றைக்கும் சிரிக்கிறது. நான் சிரிக்க மாட்டேன். ட்யூன் பண்ணியதற்கே கைதட்டுகிற சாதிதான் நானும். விசிலும் கீச்சுமாகக் கிடந்த இடத்தில், மயிரிழை அளவு முள்ளை நகர்த்த, ஒரு மேளச்சத்தம் பளிச்சென்று விழுந்ததென்றால், அதற்கு மேல் பாட்டு எப்படிப் போனாலும் எனக்குக் குறையில்லை.

கேட்டதை எழுதிவைக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வைத்திருந்தேன். திகதி, மீற்றர் அளவு, பாடியவர், பாட்டு. ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் காதுக்குப் பட்டபடி எழுதுவேன். கேளாத இடத்தில் கோடு. சில பாட்டுக்களில் வரியைவிடக் கோடுதான் அதிகம். அதில் டீப் பேர்ப்பிளின் ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிற்றார் பிடித்த எவனும் முதலில் தடவிப் பழகும் அந்தத் தொடக்கம் உங்களுக்கும் தெரியும். எனக்குத் தெளிவாகக் கேட்டது தலைப்பு மட்டும்: தண்ணீருக்கு மேலே புகை. மற்றெல்லாம் கோடு. அதனால் அது எங்கள் ஊர்ப் பாட்டு என்று முடிவுகட்டினேன்.

காரணம் இருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அப்போது வாப்பா சின்னப் பெடியன். இக்கரையில் நின்று பார்த்திருக்கிறார். சீனக்குடாப் பக்கத்தில் எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்து, புகை குடாவுக்கு மேலே கறுப்புப் பாய் விரித்தமாதிரிப் படுத்துக் கிடந்ததாம். நாட்கணக்கில் எரிந்தது. காயப்போட்ட உடுப்பெல்லாம் கரி. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, தண்ணீருக்கு மேலே புகை என்றால் வேறு என்ன தோன்றும்? அந்த வெள்ளைக்காரர்களின் தகப்பன்மாரும் எங்கள் துறைமுகத்தில் கப்பலில் இருந்திருப்பார்கள் என்று நானே ஒரு வரலாறு கட்டிக்கொண்டேன்.

உண்மை வேறு என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தது. 1971 டிசம்பர் 4. சுவிற்சர்லாந்தில் மொந்த்ரோ என்ற ஏரிக்கரை ஊர். அங்குள்ள கசினோவில் ஃபிராங்க் சப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவன் கூரையைப் பார்த்து ஒளிவெடித் துப்பாக்கியைச் சுட, கட்டிடம் முழுக்க எரிந்துபோனது. அங்கே தங்கள் தட்டைப் பதிவுசெய்ய வந்திருந்த டீப் பேர்ப்பிள்காரர், ஏரிக்கு மேலால் புகை பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கசினோ போனதால் மூடிக்கிடந்த ஹொட்டேல் ஒன்றில் பதிவு நடந்தது. இதைப் படித்தபோது ஏமாற்றமாகவா இருந்தது என்று ஒருவர் கேட்டார். ஏன் ஏமாற வேண்டும்? அவர்களுக்கு அந்த ஏரி, எங்களுக்குக் கொட்டியாரக் குடா. அந்தப் பாட்டைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வாப்பாவின் கரி படிந்த சட்டைதான் தெரிகிறது.

சரி, நம்முடைய பாட்டுக்கு வருவோம். இந்தத் திருகோணமலையிலிருந்தே எம். பி. பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் கிளம்பினார்கள். பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ என்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது டவுனில் மட்டுமில்லை, எங்கள் கரையிலும் பெடியன்கள் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள். உரும்பிராயிலிருந்து வந்த நித்தி கனகரத்தினம் விவசாயம் படித்தவர். ‘சின்ன மாமியே’ ஒன்றே போதும் அவரைச் சொல்ல. பிறகு ஏ. ஈ. மனோகரன். ‘சுராங்கனி’ தமிழ்நாட்டுக் கலியாண வீடு வரைக்கும் போனது. மீன் கொண்டுவந்த கதையைப் பாட்டாக்கி ஊரெல்லாம் ஆடுகிறதே என்று எங்கள் மீன்காரருக்கு மட்டும் ஆச்சரியம்.

பெரிய வித்துவான்கள் இவற்றைக் குடிகாரப் பாட்டு, கூத்தடிக்கிற பாட்டு என்று தள்ளினார்கள். பொப் என்ற சொல்லையே மூக்கைச் சுளிக்காமல் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் நாங்கள் பாடிய பாட்டெல்லாம் சென்னைத் தமிழ், சினிமாத் தமிழ். எங்கள் வாயில் வருகிற சொல், எங்கள் மாமியும் மச்சானும் பேசுகிற இழுவை, முதல்முதலாகக் கிற்றாரோடு றேடியோவில் வந்தது இந்தப் பாட்டுக்களில்தான். ஜோர்ஜ் ஹரிசனும் மற்ற லிவர்ப்பூல் பெடியன்களும் தங்கள் ஊர்ப் பேச்சோடு லண்டனுக்குப் போனது பெரிய சங்கதி என்றால், இதுவும் பெரிய சங்கதிதான்.

தாளமும் வானத்திலிருந்து விழவில்லை. பைலா போர்த்துக்கேயர் காலத்து ஆட்டம். ‘பைலார்’ என்றால் அவர்கள் மொழியில் ஆடுவது. மட்டக்களப்பிலும் நமது பாலையூற்றிலும் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் அது உயிரோடு இருந்தது. சிங்களத்தில் வொலி பஸ்தியன் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். 1960 களில் மூன்ஸ்டோன்ஸ் குழுவின் கிளரன்ஸ் விஜேவர்தன மின்சாரக் கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் இறக்கினார். எங்கள் பக்கத்திலும் அடி இல்லாமலில்லை. பொல்லடிக் குழு வட்டமாக நிற்க, அண்ணாவியார் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, கம்புகள் ஒன்றாக விழுவதைக் கேட்டவன் றொக் ட்ரம்ஸ்காரர் சார்லி வொட்ஸின் மேளத்தைக் கேட்டு மிரள மாட்டான். வயல் காவலில் ஒரு பரணிலிருந்து ஒருவன் கவி சொல்ல, இருட்டுக்குள் அடுத்த பரணிலிருந்து மற்றவன் பதில் சொல்வான். ஆளைத் தெரியாது, குரல் மட்டும் வரும். எனக்கு முதல் றேடியோ அதுதான்.

கச்சேரி பார்க்கவே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன், பாதி. 1973 என்று நினைவு. டவுனில் ஒரு காணிவேல். கொழும்பிலிருந்து இசைக்குழு வருகிறது, உண்மையான மின்சாரக் கிற்றார், உண்மையான ட்ரம்ஸ். நானும் மச்சானும் வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டுப் போனோம். ஏழு மணிக்கு என்றார்கள். எட்டரைக்கு ஒருவர் வந்து மைக்கில் ‘ஹலோ, ஹலோ’ என்றார். ஒன்பதுக்குத்தான் தொடங்கியது.

அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. பாட்டு காதுக்குள் வரும் என்றுதான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அது நெஞ்செலும்பில் வந்து இடித்தது. பேஸ் கிற்றாரின் ஒவ்வொரு தட்டுக்கும் என் சட்டைப் பொத்தான் நடுங்கியது. தொட்டுப் பார்த்தேன், உண்மையாகவே நடுங்கியது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, எல்லாம் ஒரே கனத்தில். ஐந்தாவது பாட்டு முடிய, அடுத்தது ஒரு ஆங்கிலப் பாட்டு என்று அறிவித்தார்கள். மச்சான் மணிக்கூட்டைக் காட்டினான். கடைசி பஸ். அதைவிட்டால் துறையடிக்குப் போக வழியில்லை.

ஓடினோம். முதுகுக்குப் பின்னால் அந்தப் பாட்டுத் தொடங்கியது. என்ன பாட்டு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பஸ் கிளம்பும்வரை அதன் ட்ரம்ஸ் மட்டும் கேட்டது. துறையடிக்கு வந்தால் பாதை அக்கரையில் கட்டிக் கிடக்கிறது. விடிய மட்டும் கரையில் மீன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் சாரத்தைப் போர்த்துக்கொண்டு கிடந்தோம். அக்கரையில் யாரோ ஒரு ட்ரான்சிஸ்டரை மெல்லப் போட்டிருந்தார்கள். தண்ணீருக்கு மேலால் அது வந்து வந்து போனது. எனக்கு அந்தக் காணிவேல் மேடையைவிட அது வசதியாக இருந்தது. இதைச் சொன்னால் மச்சான் இன்றைக்கும் கோபிக்கிறான். அவனுக்கு நுளம்புக்கடிதான் ஞாபகம்.

1977 க்குப் பிறகு கதை வேறு. இறக்குமதி திறந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் தலைமேல் டூ-இன்-வன் செட்டோடு பாதையால் வந்து இறங்கினார்கள். கசற் வந்ததும் பாட்டை நிறுத்தலாம், திருப்பலாம் என்றாகிவிட்டது. என் கொப்பியின் கோடுகள் மளமளவென்று நிரம்பின. யுத்தம் வந்தபிறகு றேடியோ செய்திக்கு மட்டும் என்றானது. யாழ்ப்பாணத்தில் பற்றறி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். அந்தத் தமிழோசையும் 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டது.

ஒரு வேடிக்கை. 1980 களில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி திருகோணமலைக்கு வடக்கே 250 கிலோவோற் சிற்றலைக் கருவிகளோடு ஒரு அஞ்சல் நிலையம் வைத்தது. நான் இளவயதில் நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தேடிய ஐரோப்பா, எங்கள் மாவட்டத்திலேயே வந்து கோபுரம் நட்டது. அதன் ஏரியல்கள் பார்த்தது வெகுதூரத்து நாடுகளை. பாட்டு எங்கள் தலைக்கு மேலால் போனது. நம்ம பரமேஷோ ஜேர்மனிக்குப் போய்க் குடியேறிவிட்டார். 2013 இல் அந்த நிலையத்தை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டு ஜேர்மன்காரரும் போனார்கள்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர். மோட்டார்சைக்கிளில் ஒரு பாட்டின் முதல் அடி முடிவதற்குள் அக்கரை. கடைசி பஸ்ஸும் இல்லை, கடைசிப் பாதையும் இல்லை. பாலத்தைக் குறைசொன்னால் நீங்கள் என்னை இப்படியே தண்ணீரில் தள்ளுவீர்கள், தள்ளவும் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோக அந்தக் கரையில் காத்துக் கிடந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

பாலம் வருவதற்கு முந்திய சுனாமியில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. வாப்பாவின் வால்வு றேடியோ அதோடு போனது. சீ.ஆர். கொப்பி அலுமாரிக்கு மேல் கிடந்ததால் தப்பியது. ஓரம் மட்டும் உப்புப் பட்டு மொறுமொறுத்துவிட்டது. போன மாதம் பேரன் அதைப் புரட்டிக்கொண்டிருந்தான். கசற்றுக்கும் அகப்படாமல் ஒரே ஒரு பக்கத்தில் கோடு மிச்சம் இருக்கிறது. 1969 ஆம் வருஷம், 31 மீற்றர், பாட்டின் பெயர் இல்லை, பாடியவர் இல்லை, தமிழ் எழுத்தில் அரை வரி மட்டும். அவன் அதை வாய்விட்டு வாசித்துப் பார்த்தான். இரண்டாம் தரம் கொஞ்சம் ஆங்கிலமாக வாசித்தான். போனை எடுத்துத் தட்டினான். பேனையை எடுத்துக்கொண்டு, “அப்பா, கண்டுபிடிச்சிட்டன், எழுதட்டுமா?” என்றான்.

பென்சிலால் எழுதச் சொன்னேன்.